கடலில்லாத நாட்டின் கப்பல்தலைவன்

சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் பள்ளி ஆண்டு விழாவில் அதன் பாட்டு ஒன்றுக்கு வரிசையாக நின்று ஆடியிருப்பார்கள். 1965-இல் வந்த படம். அதன் சாயலைத் தமிழில் சாந்தி நிலையம் (1969) படத்திலும், இந்தியில் குல்சாரின் பரிச்சய் (1972) படத்திலும் நாம் பார்த்து ரசித்திருக்கிறோம். தாயில்லாப் பிள்ளைகள், கண்டிப்பான பெரியவர், பாட்டுச் சொல்லித் தர வருகிறவர். இந்த மூன்றும் இருந்தால் போதும், நம்மவர் கண் கலங்கிவிடும்.

அந்தப் படத்தின் நாயகனைப் படம் முழுக்கக் கேப்டன், கேப்டன் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் ஊதல் ஊதிப் பிள்ளைகளை அணிவகுக்கச் செய்கிறார். கடைசியில் ஜெர்மானியக் கடற்படையில் பதவியேற்கச் சொல்லித் தந்தி வருகிறது. இத்தனைக்கும் நடுவில் படத்தில் ஒருவர்கூட ஒரு சின்னக் கேள்வி கேட்பதில்லை. ஆஸ்திரியாவுக்குக் கடல் ஏது? சால்ஸ்பர்க் நகரைச் சுற்றி மலையும் ஏரியும்தான். அங்கே ஒருவர் எந்தக் கப்பலுக்குத் தலைவராக இருந்தார்? படத்தின் பாட்டுகளைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ எனக்குக் குறையில்லை. இந்தக் கேள்வியை ஓசைப்படாமல் விழுங்கியது பற்றித்தான் என் வழக்கு. ஒரு பேரரசின் கடற்படையை மூன்று மணி நேரத்தில் ஓர் ஊதலாகச் சுருக்கிவிட்டார்கள்.

இதை எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். படிப்பு பள்ளியோடு சரி. தொழில், தாருகானாவில் உடைபடும் பழைய கப்பல்களின் பித்தளைச் சாமான் வாங்கி விற்பது. மணி, திசைகாட்டி, வட்ட ஜன்னல், விளக்கு என்று நாற்பது வருஷமாகக் கையில் புரள்கிற சாமான்கள். எந்தக் கப்பலின் மணியிலும் ஒரு பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். எடை போட்டு விற்பதற்கு முன் அந்தப் பெயரைத் தேடிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. வியன்னா நகரமோ வேறு வழியாகப் பரிச்சயம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1863 முதல் பணியாற்றிய ஜார்ஜ் பியூலர், பின்னர் வியன்னாவில் பேராசிரியரானவர். 1887-இல் அங்கே எங்கள் சமண சமயத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய உரை, மேற்கில் அச்சமயத்தை ஒரு தனிச் சமயமாக நிறுத்திய எழுத்துகளில் ஒன்று. அவரைத் தேடிப் போனவன்தான் அந்தப் பேரரசின் கப்பல்களிலும் விமானங்களிலும் போய் மாட்டிக்கொண்டேன். போரைப் பற்றி எழுதச் சமணன் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. அது கிடக்கட்டும்.

முதலில் அந்தக் கடல் எங்கே என்று பார்த்துவிடுவோம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு 1918 வரை அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை சொந்தமாக இருந்தது. திரியெஸ்தே வணிகத் துறைமுகம். போலா கடற்படைத் தலைமையிடம். ஃபியூமெ ஹங்கேரியின் துறைமுகம், டார்பீடோ பிறந்த ஊர். தெற்கே மலைகள் சூழ்ந்த கட்டாரோ வளைகுடா. இன்று திரியெஸ்தே இத்தாலியில் இருக்கிறது. போலாவும் ஃபியூமெயும் புலா, ரியெகா என்ற பெயர்களில் குரோவாசியாவில் இருக்கின்றன. கட்டாரோ இப்போது கோட்டோர், மாண்டினீக்ரோ நாட்டில். ஊர்கள் நகரவில்லை. கோடுகள் நகர்ந்தன. 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நம் சங்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நமக்கும் அந்தக் கொடிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஹாப்ஸ்பர்க் மன்னர் ஆறாம் சார்லஸ் 1722-இல் பட்டயம் கொடுத்த ஆஸ்டெண்டு கம்பெனி, சென்னைக்குத் தெற்கே நம் கோவளத்தில் கிடங்கு வைத்து வியாபாரம் பண்ணியது. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் வயிறு எரிந்தது. 1727-இல் கம்பெனியை நிறுத்தி வைத்தார்கள், 1731-இல் மூடியே விட்டார்கள். இன்றைக்குக் கோவளத்தில் மீன் வறுவல் சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது. பிறகு உலகைச் சுற்றி ஆராய்ச்சிக்குப் புறப்பட்ட நோவாரா என்ற கடற்படைக் கப்பல் 1858-இல் சென்னைக்கு வந்து போனது. அத்தோடு நம் கணக்கு முடிந்தது. மீதி எல்லாம் அட்ரியாட்டிக் கணக்கு.

அந்தக் கடற்படையின் விசேஷம் அதன் மொழிகள். 1848 வரை அது ஏறக்குறைய ஒரு வெனிஸ் கடற்படை, கப்பல் தளத்தில் இத்தாலிய மொழிதான். வெனிஸ் கிளர்ந்தெழுந்த பிறகு ஜெர்மன் ஆணை மொழியானது. ஆனால் ஆணை மொழி வேறு, கயிறு இழுக்கிறவன் மொழி வேறு. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்துக் கணக்கில் மாலுமிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குரோவாட்டியர் முதலான தென் ஸ்லாவியர். ஐந்தில் ஒருவர் ஹங்கேரியர், ஆறில் ஒருவர் ஜெர்மன் பேசுகிறவர், ஏழில் ஒருவர் இத்தாலியர். மிச்சம் செக்கும் பிறரும். அதிகாரி ஆகவேண்டுமானால் பல மொழி பேசத் தெரிய வேண்டும். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, கணக்கில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் மராத்தி என்று வாழ்கிற நமக்கு இது புரியும். சென்னையில் இருக்கிற என் மருமகனுக்கு விளக்கினால்தான் ஆச்சரியப்படுகிறார்.

இனி படத்துக்கு வருவோம். ஜார்ஜ் வான் டிராப் 1880-இல் பிறந்தது சாரா என்ற துறைமுக ஊரில். இன்றைய குரோவாசியாவின் சாதர். அவருடைய முதல் மனைவி அகதெ ஒயிட்ஹெட், ஃபியூமெயில் டார்பீடோவை உருவாக்கிய ராபர்ட் ஒயிட்ஹெட்டின் பேத்தி. யூ-5 என்ற நீர்மூழ்கி 1909-இல் நீரில் இறங்கியபோது பெயர் சூட்டியவர் அந்த அகதெதான். பின்னால் அதே படகுக்கு அவர் கணவர் தலைவரானார். தாத்தா கண்டுபிடித்த ஆயுதம், பேத்தி பெயர் வைத்த படகு, அதை ஓட்டிய மாப்பிள்ளை! ஒரு குடும்பத்துக்குள் இவ்வளவு கதை இருக்கும்போது படக்காரர்கள் எதற்காக மலைமேல் ஆடு மேய்க்கப் போனார்கள் என்று தெரியவில்லை. அகதெ 1922-இல் நோயால் இறந்தார். மரியா வீட்டுக்கு வந்தது 1926-இல், கல்யாணம் 1927-இல். படம் எல்லாவற்றையும் 1938-ஐ ஒட்டி அடுக்கிவிடுகிறது.

இன்னொன்று. படம் சொல்லாத ஒரு பாங்கு இருக்கிறது. டிராப் தம் சொத்தை ஆஸ்திரியப் பாங்கு ஒன்றில் போட்டு வைத்திருந்தார். 1935-இல் அந்தப் பாங்கு முறிந்தது. பணம் போன பிறகுதான் குடும்பம் மேடையேறிப் பாடிச் சம்பாதிக்கத் தொடங்கியது. இதை ஒரு வியாபாரி கண்ணால் பார்த்தால்தான் கதையின் முதுகெலும்பு தெரிகிறது. பாட்டு அங்கே வருமானம். படத்தில் அது வெறும் சந்தோஷம்.

கடைசிக் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். குடும்பமே மலையேறிச் சுவிட்சர்லாந்துக்குப் போகிறது. சால்ஸ்பர்க்கில் இருந்து அப்படி ஏறினால் ஜெர்மனியில்தான் போய் இறங்க வேண்டும், அதாவது யாரிடமிருந்து தப்புகிறார்களோ அவர்கள் மடியிலேயே. உண்மையில் அவர்கள் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். ஏன் இத்தாலி? டிராப் பிறந்த சாரா 1920-இல் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் அவர் இத்தாலியக் குடிமகன் ஆகியிருந்தார். பிறந்த ஊர் வேறு நாடானது அவரைத் திண்டாடவும் வைத்தது, காப்பாற்றவும் செய்தது. நான் இதுவரை கேட்ட கதைகளில் இவ்வளவு நுட்பமான முரண் குறைவு. படம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மலையை வைத்தது.

என் முக்கியமான புகார் இதுதான். படத்தின் கேப்டன் ஆஸ்திரியாவை நினைத்து உருகிப் பாடுகிறார். ஆனால் அவர் கொடிக்கு வணக்கம் சொல்லி உறுதிமொழி எடுத்தது இந்தச் சின்ன ஆஸ்திரியாவுக்கு அல்ல. ஒரு டஜன் மொழி பேசிய, கடல் இருந்த, 1918-இல் இல்லாமல் போன ஒரு பேரரசுக்கு. அது போன பிறகு அவருக்குக் கப்பல் இல்லை, கடல் இல்லை, ஊர்கூட இல்லை. கையில் மிஞ்சியது அந்த ஊதல் மட்டும். பெரிய வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட அவர் உண்மையிலேயே ஊதல் பயன்படுத்தினார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். படம் அதைக் கல்நெஞ்சின் அடையாளமாகக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறது. அது பறிபோன கப்பலின் கடைசி உருப்படி என்று காட்டியிருந்தால் அதே காட்சியில் நாம் அழுதிருப்போம்.

அவரே எழுதிய நூல் ஒன்று உண்டு. 1935-இல் ஜெர்மனில் வந்தது. 2007-இல் அவர் பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், டு தி லாஸ்ட் சல்யூட் என்ற பெயரில். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் இதையும் படிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்வேன். யூ-5 பெட்ரோலில் ஓடிய படகு. உள்ளே ஆவி பரவி ஆட்கள் மயங்கி விழுவார்கள். எதிரியைவிட அந்த ஆவிக்கு அவர்கள் பயந்தார்கள். 1915 ஏப்ரல் 27 இரவில் இந்தப் படகு லியோன் கம்பெட்டா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 684 பேர் இறந்தார்கள். சில நிமிஷத்து வேலை. அவர்களைக் காப்பாற்ற அந்தச் சின்னப் படகில் இடமில்லை என்று எழுதும் இடத்தில் டிராப் தம்மை நியாயப்படுத்திக்கொள்ள அலையவில்லை, வீரமும் பேசவில்லை. அந்தப் பக்கங்கள் நல்ல எழுத்து. பிறகு போலாவில் வலையில் சிக்கிய கியூரி என்ற பிரெஞ்சு நீர்மூழ்கியைத் தூக்கிச் சரிசெய்து யூ-14 என்று பெயர் மாற்றி இவரிடமே கொடுத்தார்கள். பழைய சாமானைச் சரிசெய்து பெயர் மாற்றுவதில் நாங்கள் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் நூலிலும் ஒரு குறை தெரிகிறது. நீர்மூழ்கியில் இருபது பேர். எல்லாருக்கும் ஒரே மூச்சு, ஒரே ஆபத்து. அங்கே மொழி வேற்றுமை கரைந்துபோவது இயல்புதான். டிராப் அந்த ஒற்றுமையை அளவுகோலாக வைத்து முழுக் கடற்படையையும் அளக்கிறார். துறைமுகத்தில் மாதக்கணக்காகச் சும்மா நின்ற பெரிய கப்பல்களின் கீழ்த்தளத்தில் என்ன புழுங்கியது என்பது அவர் பேரேட்டில் சரியாக ஏறவில்லை. பற்று மட்டும் எழுதி வரவை விட்டால் ஐந்தொகை நேராகுமா?

கீழ்த்தளத்துக்குப் போகும் முன் ஆகாயத்துக்குப் போய் வருவோம். விமானப் பிரியர்கள் எழுதிய நூல்கள் எண்களால் நிறைந்தவை. எந்த விமானம், எத்தனை குதிரைச் சக்தி, எந்த நாளில் விழுந்தது. நானும் சாமான் விற்கிறவன், எண்ணின் அருமை தெரியும். ஆனால் எண்ணோடு நிறுத்திக்கொண்டால் சரக்கு தெரியும், சந்தை தெரியாது. இந்தக் கடற்படையின் ஆகாயக் கதை ரைட் சகோதரர்களுக்கு வெகுகாலம் முன்னமே தொடங்குகிறது. 1849-இல் கிளர்ச்சி செய்த வெனிஸ் நகரை முற்றுகையிட்டபோது, உகாட்டியுஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி பலூனில் வெடிகுண்டு கட்டி அனுப்பும் யோசனை சொன்னார். வுல்கானோ என்ற கப்பலில் இருந்தும் பலூன்கள் விடப்பட்டன. காற்று சொன்னபடி கேட்கவில்லை. சில பலூன்கள் திரும்பி விட்டவர்கள் பக்கமே வந்தன. சேதம் சொற்பம். ஆனாலும் ஆகாயத்தில் இருந்து ஒரு நகரத்தின் மேல் குண்டு போடலாம் என்ற எண்ணம் இந்தக் கடற்கரையில் அன்றே செயலுக்கு வந்துவிட்டது.

அறுபத்தாறு வருஷம் கழித்து அதே வெனிஸ். இப்போது பலூன் இல்லை, பறக்கும் படகு. வியன்னாவில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த லோனர் கம்பெனி கடற்படைக்குச் செய்து கொடுத்தது. தண்ணீரில் இறங்கும், தண்ணீரில் இருந்து எழும். 1915 மே மாதம் அதில் ஒன்றை இத்தாலியர் பிடித்து, மாக்கி என்ற கம்பெனியில் கொடுத்து, அப்படியே நகல் எடுத்து மறுவிற்பனைக்கு வைத்ததுபோல் தாங்களும் பறக்கவிட்டார்கள். நம் ஊர்ச் சந்தையில் நடப்பதுதான். 1915 அக்டோபரில் ஆஸ்திரிய விமானக் குண்டு ஒன்று வெனிஸ் ஸ்கால்ஸி தேவாலயத்தின் மேல் விழுந்தது. குறி பக்கத்து ரயில் நிலையம் என்பார்கள். தியெபொலோ கூரையில் தீட்டிய பெரிய ஓவியம் சிதறிப் போயிற்று. விமான நூல்களில் இது ஒரு வரி. கலை நூல்களிலோ விமானம் ஒரு வரி. இரண்டையும் சேர்த்து எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை. திருமலை, சித்தன்னவாசல் ஓவியங்கள் உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கூரை ஓவியம் போனது ஒரு வரியில் அடங்குகிற சேதி இல்லை.

அதே படகு விமானங்கள் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 1916 செப்டம்பர் 15. கட்டாரோவுக்கு வெளியே கடலில் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு நீர்மூழ்கி நீருக்கடியில் இருந்தது. அட்ரியாட்டிக் தண்ணீர் தெளிவு. மேலே இருந்து பார்த்தாலே உருவம் தெரிந்தது. எல்-132, எல்-135 என்ற இரண்டு லோனர் படகுகள் குண்டு போட்டன. அடிபட்ட நீர்மூழ்கி மேலே வந்தது. ஆட்கள் கடலில் குதித்தார்கள். படகு மூழ்கியது. கடலில் விமானம் ஒன்று நீர்மூழ்கியை மூழ்கடித்தது வரலாற்றில் அதுதான் முதல் முறை. எல்லா நூலும் அந்த முதல் முறையைத்தான் பெரிய எழுத்தில் போடும். எனக்குப் பெரியது அடுத்து நடந்தது. குண்டு போட்ட விமானங்கள் இரண்டும் தண்ணீரில் இறங்கின. நீந்திக்கொண்டிருந்த பிரெஞ்சு மாலுமிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு மிதந்தார்கள். டார்பீடோப் படகு ஒன்று வந்து ஏற்றிக்கொள்ளும் வரை அந்த விமானங்கள் நகரவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. கம்பெட்டாவின் 684 பேரையும், ஃபூக்கோவில் இறக்காத ஒருவரையும் ஒரே கடற்படையின் பெயரில் எழுதித்தான் ஆக வேண்டும். சில நூல்கள் இந்த மீட்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் காலத்து விமானிகள் எல்லாம் கனவான்கள் என்று முடிக்கின்றன. அது வசதியான முடிவு. ஸ்கால்ஸி கூரையை எங்கே வைப்பது?

எல்-135-ஐ ஓட்டியவர் செர்பியர். ஹங்கேரியப் பதிவுகளில் அவர் பெயர் கொன்யோவிச் டெமெதர், செர்பியப் பதிவுகளில் திமித்ரியே கொன்யோவிச். இந்தப் போரே செர்பியாவின் மேல் படையெடுத்ததில் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைப் படியுங்கள். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எந்த நூலாசிரியரும் நின்று கேட்கவில்லை. விமான எண் மட்டும் சரியாக இருக்கிறது.

இப்போது கீழ்த்தளம். 1918 பிப்ரவரி 1 அன்று கட்டாரோவில் சாங்க்ட் கெயோர்க் என்ற கப்பலில் தொடங்கி ஏறக்குறைய நாற்பது கப்பல்களில் சிவப்புக் கொடி ஏறியது. சாப்பாடு மோசம், உடுப்பு இல்லை, லீவு இல்லை, அதிகாரிகளுக்கு மட்டும் எல்லாம் உண்டு. அதோடு போரை நிறுத்து என்ற குரலும். மூன்று நாளில் அடங்கிவிட்டது. ஷெஷன் என்ற குரோவாட்டிய விமானி, கடற்படை விமானம் ஒன்றிலேயே இத்தாலிக்குப் பறந்து தப்பினார். பிப்ரவரி 11-இல் நான்கு மாலுமிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஃப்ரான்ஸ் ராஷ் மொராவியாவில் இருந்து வந்த ஜெர்மன் பேசும் ஆள். மற்ற மூவரும் அட்ரியாட்டிக் பக்கத்தவர்கள்.

இதை ஃப்ரீட்ரிக் வோல்ஃப் என்ற ஜெர்மன் நாடகாசிரியர் 1930-இல் கட்டாரோவின் மாலுமிகள் என்று நாடகமாக்கினார். ஆங்கிலத்தில் படித்தேன். வேகமான நாடகம். கப்பலைக் கைப்பற்றிய பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஓட்டெடுத்துக்கொண்டே நேரத்தைத் தவறவிடும் காட்சிகள் நெஞ்சில் நிற்கின்றன. ஆனால் வோல்ஃபுக்கு எல்லா மாலுமியும் ஒரே வர்க்கம். வர்க்கத்துக்கு ஒரே குரல், அந்தக் குரல் பெர்லின் மேடையின் ஜெர்மன். சுடப்பட்டவர்களில் மூவர் கடைசி நிமிஷம் வேறு மொழியில்தான் தாயை நினைத்திருப்பார்கள். ஹாலிவுட் மொழிகளைப் பாட்டால் அழித்தது, பெர்லின் கொள்கையால் அழித்தது. இரண்டில் வோல்ஃபின் பாவம் சின்னது, ஏனென்றால் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கியாவது பார்த்தார்.

மும்பைக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கும். 1946 பிப்ரவரி 18 அன்று இங்கே தல்வார் தளத்தில் இந்தியக் கடற்படை வீரர்கள் சாப்பாட்டை மறுத்து எழுந்தார்கள். அதைப் பற்றி உத்பல் தத் எழுதிய வங்க நாடகம் கல்லோல் மேடையேறியது 1965-இல், அதாவது சவுண்ட் ஆஃப் மியூசிக் வந்த அதே வருஷம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டாரோக் கலகத்துக்குப் பிறகு மூத்தவர்களை எல்லாம் தாண்டி ஹோர்த்தி என்ற ஹங்கேரியரைக் கடற்படைத் தலைவராக்கினார்கள். 1918 அக்டோபர் 31 மாலை போலாவில், வீரிபுஸ் உனிதிஸ் என்ற தலைமைக் கப்பலில் நின்று, மன்னர் ஆணைப்படி, கடற்படை முழுவதையும் தென் ஸ்லாவிய தேசிய சபையிடம் ஒப்படைத்தார். அந்தக் கப்பல் பெயருக்கு ஒன்றுபட்ட வலிமையால் என்று அர்த்தம். 1914-இல் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைப் போஸ்னியப் பயணத்துக்கு ஏற்றிப் போனதும், அவர் உடலையும் மனைவி உடலையும் திருப்பிக் கொண்டுவந்ததும் அதே கப்பல்.

அன்றிரவு நடந்ததை யோசித்துப் பாருங்க. காலையில் ஒரே சமையலறையில் சாப்பிட்டவர்கள் மாலையில் வெவ்வேறு நாட்டுக்காரர்கள். செக்காரனுக்கு ஒரு புது நாடு, ஹங்கேரியனுக்கு ஒன்று, குரோவாட்டியனுக்கு இன்னும் பெயர் நிலைக்காத ஒன்று. மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். மிஞ்சியவர்களுக்குத் தலைவரானவர் யான்கோ வூகோவிச். இதற்குள் ரொஸெத்தி, பவுலுச்சி என்ற இரண்டு இத்தாலியர் நீரில் நீந்தி வந்து கப்பலின் அடியில் வெடி வைத்துவிட்டார்கள். கப்பல் கைமாறிய சேதி அவர்களுக்குத் தெரியாது. பிடிபட்டு மேலே கொண்டுவரப்பட்ட பிறகுதான் தெரிந்தது. கப்பல் வெடிக்கப் போகிறது, எல்லாரையும் இறக்குங்கள் என்று அவர்களே எச்சரித்தார்கள். வூகோவிச் ஆட்களை இறங்கச் சொன்னார். சொன்ன நேரத்தில் வெடிக்காததால் பலர் திரும்பி ஏறினார்கள். நவம்பர் 1 விடிகாலையில் வெடித்தது. வூகோவிச்சும் ஏறக்குறைய முந்நூறு பேரும் போனார்கள். பழைய பேரரசின் கப்பலைத் தாக்கியதாக வந்தவர்கள் நினைத்தார்கள். இறந்தவர்களோ சில நாளே வயதான ஒரு நாட்டின் மாலுமிகள்.

இந்த ஓர் இரவை யாராவது படமாக எடுத்திருக்க வேண்டாமா? டிராப் கதையில் கேப்டனின் துக்கத்துக்கு இதுதான் ஊற்று. இதைக் காட்டாமல் அவர் ஏன் ஊதல் ஊதுகிறார் என்று எப்படிப் புரியும்?

பிறகு அவரவர் பாடு. ஹோர்த்தி கடலை இழந்த ஹங்கேரிக்கு 1920 முதல் 1944 வரை ஆட்சிப் பொறுப்பாளர், கடற்படைத் தலைவர் என்ற பட்டத்தோடேயே. அவர் ஆட்சியில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையை இங்கே ஒரு வாக்கியத்தில் அடக்கினால் அது தவறாகும், ஆனால் அவரை வெறும் வேடிக்கைப் பேர்வழியாக எழுதுகிறவர்களும் அதே தவற்றைச் செய்கிறார்கள். டிராப் 1947-இல் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் இறந்தார், அதுவும் கடற்கரை இல்லாத மாநிலம். திரியெஸ்தேயின் விமானத் தளத்துக்குத் தலைவராக இருந்த கோட்ஃப்ரீட் பான்ஃபீல்ட், ஐரிஷ் வழி வந்த குடும்பத்தவர், கட்டாரோ வளைகுடாவில் பிறந்தவர். அவர் திரியெஸ்தே கப்பல் முதலாளி வீட்டில் பெண் எடுத்து, இத்தாலியக் குடிமகனாகி, மூழ்கிய கப்பல்களைத் தூக்கும் தொழிலில் இறங்கினார். சூயஸ் கால்வாயில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 96 வயது வாழ்ந்து 1986-இல் அதே திரியெஸ்தேயில் இறந்தார். போரில் அவர் வாங்கிய பதக்கங்களைவிட இந்தத் தொழில் எனக்கு நெருக்கம். எங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி.

கொன்யோவிச் 1923-இல் நோவி சாத் நகரில் இகாருஸ் என்ற விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். புது யூகோஸ்லாவியக் கடற்படைக்காக அவர்கள் முதலில் செய்தது பயிற்சிக்கான பறக்கும் படகு. லோனரின் வழி வந்த மரக்கட்டுமானம், 1924-இல் பறந்தது. அதை வரைந்தவர் பழைய பேரரசின் கடற்படைக்குப் பறக்கும் படகுகள் வரைந்த அதே பொறியாளர். வியன்னாப் பதிவுகளில் அவர் யோசெஃப் மிக்கிள். நோவி சாத்தில் யோசிப் மிக்ல்.